தையல்நாயகியின் ரத்தம்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. ஊசி பிடிக்கிற வேலைக்கு அது வசதி. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எங்கள் ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அவன் கப்பலேறிப் போன பிறகும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மாட்டிய படங்கள் மாறின. கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள் மாறவில்லை. ‘சந்திரகலா, இதைப் பார், சந்திரகலா, அதை எழுது’ என்று சொல்கிற வாய்தான் மாறிக்கொண்டே இருந்தது.

முத்தியால்பேட்டையில் பாவடிச் சந்து என்று ஒன்று. நாற்பது வீடு, பெரும்பாலும் மில் வேலைக்காரர்கள். நாற்பது வீட்டுக்கும் ஒரே கிணறு. கிணற்றுக்கும் சாக்கடைக்கும் நடுவில் நான்கு முழம்கூட இருக்காது. ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பினால் அது எங்கே இறங்கும் என்று தெரிந்துகொள்ள யாரும் பட்டணம் போய்ப் படிக்கவேண்டியதில்லை. வருஷா வருஷம் எங்கள் கூடத்துக்கு வரும் டைபாய்டு ரத்தத்தில் பாதி அந்தச் சந்து ரத்தம்தான். சந்துக்காரர்கள் மூன்று வருஷம் மனுப் போட்டு, நடையாய் நடந்து, 1959-இல் ஒருவழியாகக் குடிநீர்க் குழாய்ப் பட்டியலில் பாவடிச் சந்தின் பெயர் ஏறியது. ஐப்பசிக்குள் நல்ல தண்ணீர் வந்துவிடும் என்றார்கள். நானும் நம்பினேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் டாக்டர் சக்கரபாணிக்கு ஆராய்ச்சி செய்யத் தோன்றியது.

கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். இளவயது, நல்ல படிப்பு, யாரையும் அதட்டமாட்டார். ஆனால் காகிதத்தில் எழுதியிருந்தால் மட்டுமே அவருக்கு ஒரு விஷயம் உண்மை. “இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு இந்தப் பசங்க எப்படி ஓடியாடறாங்க? இவங்க ரத்தத்துல ஏதோ இருக்கணும் சந்திரகலா. அத அளந்து பாத்துடணும்” என்றார். சந்தில் பத்து வயசுக்குள் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேர் ரத்தத்தையும் எடுப்பது என்று முடிவாயிற்று. பெயர்ப் பட்டியலுக்கு மேரிக்கு ஆள் அனுப்பினார். நகரசபை ஆபீசை நாங்கள் இன்னும் மேரி என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம், இங்கே பிறப்பு ஒரு புத்தகம், இறப்பு இன்னொரு புத்தகம். ஒன்று விடாமல் பதிவு இருக்கும். டாக்டர் பிறப்புப் புத்தகத்தை மட்டும் நகலெடுத்துவரச் சொன்னார். பிள்ளைகள் பட்டியலுக்கு இறப்புப் புத்தகம் எதற்கு என்று அவர் நினைத்திருப்பார். நினைத்தாரோ என்னவோ.

நான் செய்யும் சோதனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செத்த டைபாய்டு கிருமிகளைக் கலந்த நீர் பால் கலங்கிய மாதிரி இருக்கும். அதில் ஒருவருடைய ரத்தத்தில் மேலே தெளியும் நீரைச் சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் வைக்கவேண்டும். அந்த ரத்தம் முன்பே அந்தக் கிருமியோடு சண்டை போட்டிருந்தால் கிருமியைப் பிடித்துக் கட்டிக் கட்டியாகத் திரியவைத்துவிடும். ரத்தத்தை இருபது மடங்கு நீர்த்தாலும் திரிகிறதா, நாற்பது மடங்கு, எண்பது மடங்கு என்று போய்க்கொண்டே இருக்கவேண்டும். எவ்வளவு நீர்த்தும் திரிகிறதோ அவ்வளவு எதிர்ப்பு. அவ்வளவுதான் கணக்கு.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டோம். ரத்தம் கொடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டின் பால் பவுடர் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். நான் பெயர் கூப்பிடுவேன், தாய்மார்கள் பிள்ளையை முன்னால் தள்ளுவார்கள். என்னை அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஊசிக்கார அக்கா வலிக்காமல் குத்துவாள் என்று பெயர்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. நோஞ்சான் பிள்ளையிடம் ரத்தம் எடுக்க எந்தத் தாயும் விடமாட்டாள். ‘அதுங்கிட்ட இருக்கறதே ஒரு மொடக்கு, அதையும் நீ உறிஞ்சிட்டுப் போனா?’ என்பார்கள். அதனால் இளைத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டால் தெம்பான அண்ணனோ அக்காவோ வந்து நிற்கும். ஒரு தடவை இடது கை, அடுத்த தடவை வலது கை. அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் என்னிடம் இரண்டு கையையும் நீட்டின. எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் இருக்கும் சவலைக்கு ஒரு டின் பால் போகட்டுமே என்று விட்டுவிட்டேன்.

பாவாடை என்று ஒன்பது வயசுப் பையன், மில்லில் நூல் பிரிவில் வேலை செய்யும் அஞ்சலாட்சியின் மகன். அவன் பெயருக்கு இடது கை நீட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, “தையல்நாயகி, ரெண்டு வயசு” என்று கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கூட்டத்திலிருந்து அதே பாவாடை வந்து வலது கையை நீட்டினான். இடது கையில் நான் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது. “என்னாடா, அதுக்குள்ள ரெண்டு வயசுப் பொண்ணாயிட்டியா?” என்று கேட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஊசிக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். தூரத்தில் அஞ்சலாட்சி தலையைக் குனிந்தபடி நின்றிருந்தாள்.

முடிவு வந்தது. அறுபத்திரண்டு பிள்ளைகள், அத்தனை ரத்தமும் திரிந்தது. பாவாடைக்கு அறுநூற்று நாற்பது மடங்கு. தையல்நாயகிக்கும் அறுநூற்று நாற்பது. அதே ரத்தம், பிறகு வேறு எப்படி இருக்கும்? டாக்டர் சக்கரபாணி துள்ளினார். “ரெண்டே வயசு! ரெண்டு வயசுப் பொண்ணுக்கு இவ்வளவு எதிர்ப்பு! எந்த ஊர்லயும் இப்படி எழுதினதில்ல சந்திரகலா!” என்று எனக்கு ஒரு காபி வேறு வரவழைத்துக் கொடுத்தார். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் என் வேலைக்கும் ஆபத்து, அந்தப் பெண்களிடம் போய் டின்னைத் திருப்பிக் கேட்பார்கள். ஒரு டாக்டரின் காகிதத்தில் ஒரு பொய் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தேன்.

யாருக்கு நஷ்டம் என்று மூன்று வாரத்தில் தெரிந்தது. பாவடிச் சந்துக் குழாயை நிறுத்திவைத்துவிட்டார்கள். ‘இப்பகுதிக் குழந்தைகளுக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி அமைந்திருப்பதால் அவசரமில்லை’ என்று டாக்டர் அறிக்கையில் எழுதிவிட்டார். அந்தக் குழாய் சாரம் பக்கம் புதிதாக எழும்பும் அதிகாரிகள் குடியிருப்புக்குப் போகிறதாம். அங்கே இன்னும் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை, ஒரு குழந்தை குடியேறவில்லை. அதற்குள் அவர்களுக்குத் தாகம் வந்துவிட்டது.

நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

“சார், டைபாய்டுல சாகக் கிடக்கற புள்ள ரத்தமும் இப்படித்தான் திரியும். அதப் பாத்துத்தானே டைபாய்டுன்னு நாம எழுதறோம்? இது பலம் இல்ல சார். கிருமி வந்து அடிச்சிட்டுப் போன தழும்பு. அறுபத்திரண்டு புள்ளைக்கும் தழும்பு இருக்குன்னா, அறுபத்திரண்டு புள்ளையும் பீ கலந்த தண்ணி குடிக்குதுன்னு அர்த்தம்.”

அவர் முகம் சுளித்தார். “தழும்போ என்னவோ, உயிரோட இருக்காங்க இல்ல? அதுக்குப் பேர்தான் எதிர்ப்பு” என்றார். உயிரோடு இருப்பவர்களிடம் மட்டும் ரத்தம் எடுத்துவிட்டு இப்படிச் சொல்கிறார். செத்த பிள்ளை எப்படி வரிசையில் வந்து நிற்கும்?

சரி, ஒரு நோஞ்சானின் உண்மையான ரத்தத்தையாவது காட்டலாம் என்று அன்று மாலை மில் சங்கு ஊதியதும் பாவடிச் சந்துக்குப் போனேன். அறிக்கையில் முதல் பெயரே தையல்நாயகிதான். அந்தப் பெண்ணின் ரத்தம் இருபது மடங்குக்குக்கூடத் திரியாது என்று காட்டிவிட்டால் மொத்த அறிக்கையும் சரியும். அஞ்சலாட்சி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கி நீ பாவாடைய ரெண்டு வாட்டி அனுப்பினது எனக்குத் தெரியும். அத விடு. தையல்நாயகிய இப்பக் கூப்புடு. ஒரு சொட்டு போதும். கொழாய் விஷயம்” என்றேன்.

அவள் பஞ்சு தட்டுவதை நிறுத்தினாள். “அவ இல்லக்கா.”

“எங்க போயிருக்கா?”

“இல்லக்கா. ஆடி பொறந்ததுமே பூட்டா. நாலு நாளு ஜொரம், அப்பறம் ரத்தமாப் போச்சி. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள.”

நான் ரத்தம் எடுத்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், கையில் அகப்பட்ட அவள் மேலேயே பாய்ந்தது. “அப்பறம் ஏன்டி அந்தப் பேருக்குப் புள்ளைய அனுப்பின? ஒரு டின் பாலுக்கா?”

அஞ்சலாட்சி உள்ளே போனாள். பால் டின்னைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். மூடி பிரிக்கவே இல்லை.

“நீங்கதாங்கா கூப்டீங்க. ‘தையல்நாயகி’ன்னு கொரலு வுட்டு ரெண்டு வாட்டி கூப்டீங்க. அவ செத்ததுக்கப்பறம் அந்தப் பேர யாரும் கூப்டல. கூட்டத்துல நின்னுனு ‘அவ செத்துட்டா’ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பையன் மொகத்தப் பாத்தேன். அவனே பூட்டான்.”

திரும்பி நடந்தேன். அந்த டின்னை எடுக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலை மேரிக்குப் போனேன். அங்கே ராஜாங்கம் என்று ஒரு பழைய குமாஸ்தா. பிரெஞ்சில் எழுதுவார், தமிழில் திட்டுவார். “உங்க டாக்டர் ஆளு வந்தப்பவே கேட்டேன்மா, ‘பொறப்பு மட்டும் போதுமா’ன்னு. போதும்னுட்டான்” என்று இறப்புப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். என் அறுபத்திரண்டு பெயரையும் அதோடு ஒத்துப்பார்த்தேன். தையல்நாயகி, ஜூலை பத்தொன்பது. அதோடு நிற்கவில்லை. ஆதிலட்சுமி. கோவிந்தராசு. சுலோசனா. மொத்தம் ஏழு. ஏழு பேருமே நான் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் போனவர்கள். என் பதிவேட்டில் ஏழு பேருமே ‘நல்ல எதிர்ப்பு’. என் கையெழுத்துத்தான், அழகாக இருந்தது.

ஏழு பெயரையும் தேதியோடு எழுதிக்கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் முகம் வெளுத்தது. அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நல்ல புத்தி வந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மதராசுக்கு அறிக்கை போயிடுச்சு சந்திரகலா. வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரே வந்து அந்தப் பிள்ளைங்களப் பாக்கப்போறார். ஏழு போனா மிச்சம் அம்பத்தஞ்சு இருக்கு இல்ல? அதுல நல்லதாப் பத்துப் பேரக் கூப்புடு, போதும்.”

“தையல்நாயகியக் கேட்டா?”

கொஞ்சம் யோசித்தார். “காலாப்பட்டுல மாமா வீட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லிடு. ரத்தம் எடுத்தது நீ. தப்பாப் பேர் எழுதினதும் நீ. இது வெளிய வந்தா முதல்ல யார் வேலை போகும்னு யோசிச்சுக்கோ.”

செத்த குழந்தையைக் காலாப்பட்டுக்கு விருந்துக்கு அனுப்புகிறார், மெல்லிய குரலில், மரியாதையாக. அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. “சரி சார்” என்றேன். என் கை நடுங்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஏழு வீட்டுக்கும் போனேன். நாளைக்குப் பெயர் கூப்பிடுவேன், இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். ஒருத்தி அழுதாள், ஒருத்தி என்னைத் தெருவென்று பாராமல் ஏசினாள், வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அஞ்சலாட்சி மட்டும், “எனக்கு அந்த வார்த்த வராதுக்கா. நா அங்க நிக்கறேன். அவ்ளோதான் என்னால ஆவும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை அதே வராந்தா, அதே மேசை. மதராசிலிருந்து வந்த பெரிய டாக்டர் வயசானவர், கதர்ச் சட்டை, அதிகம் பேசவில்லை. டாக்டர் சக்கரபாணிதான் பேசிக்கொண்டே இருந்தார். இயற்கையின் கொடை என்றார், ஏழைகளுக்கு இயற்கையே போட்ட தடுப்பூசி என்றார். சந்து முழுக்க வந்து நின்றது. பிறகு டாக்டர் சக்கரபாணி என் பக்கம் திரும்பிக் கண்ணால் சைகை காட்டினார். பத்துப் பெயர் எழுதிய சீட்டு மேசைமேல் இருந்தது. நான் அதைக் கையால்கூடத் தொடவில்லை. பதிவேட்டைத் திறந்தேன்.

“தையல்நாயகி. ரெண்டு வயசு.”

டாக்டர் சக்கரபாணியின் பேனா மேசையில் உருண்டது. அஞ்சலாட்சி தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். “தையல்நாயகி” என்றேன்.

பாவாடை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்து, என் எதிரில் நின்று, வலது கையை நீட்டினான்.

“நீ தையல்நாயகியா?” என்று பெரிய டாக்டர் கேட்டார்.

அவன் கையை நீட்டியபடியே நின்றான். அப்போதுதான் அஞ்சலாட்சி தூணை விட்டாள். வேகமாக வந்து அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மடித்த சட்டைக் கையை இழுத்துவிட்டாள்.

“போதுன்டா. அவளுக்கு இனிமே நீ குடுக்க வாணாம்” என்றாள். பிறகு நிமிர்ந்து, சந்து முழுக்கக் கேட்கும்படி, “செத்துட்டா. தையல்நாயகி செத்துட்டா” என்றாள்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம். “ஆதிலட்சுமி, மூணு வயசு” என்றேன். “செத்துட்டா” என்று ஒரு குரல். “கோவிந்தராசு, நாலு வயசு.” “செத்துட்டான்.” “சுலோசனா.” அந்தத் தாய்க்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஏழு பெயரையும் கூப்பிட்டு முடித்து, பதிவேட்டையும் ராஜாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஏழு இறப்புச் சீட்டுகளையும் பெரிய டாக்டர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக, தேதி தேதியாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“இந்தப் பிள்ளைங்க எந்தத் தண்ணி குடிச்சாங்க?” என்று கேட்டார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கிணற்றைக் காட்டினார்கள். எழுந்துபோய்க் கிணற்றையும் சாக்கடையையும் பார்த்துவிட்டு வந்தார். “குழாய் ஃபைல் இன்னிக்கே எனக்கு வேணும். அறிக்கையையும் திருப்பி வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டாக்டர் சக்கரபாணியால் என்னை அப்போது ஒன்றும் செய்யமுடியவில்லை. அடுத்த வாரம் செய்தார், அது வேறு. அன்றைக்கு அவர் கோபம் அஞ்சலாட்சி பக்கம் திரும்பியது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“ஏம்மா, பொண்ணு செத்துப்போச்சுன்னு அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? எத்தனை பேரை ஏமாத்தியிருக்கே தெரியுமா?”

அஞ்சலாட்சி மகனைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கத்தவில்லை.

“நீங்க அவ ரத்தத்தத்தான் கேட்டீங்க. எம் பொண்ணு எப்பிடி இருக்கான்னு யாரு கேட்டீங்க?”

அவள் டாக்டரைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் அன்றைக்குத் தங்கச்சிக்காக வலது கையை நீட்டிய பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊசி குத்தியவள் நான்.